அடுப்பு புகையாத ஞாயிறு

தீவில், பிராயா ஊருக்கு மேலே இருக்கிற அந்த மேட்டில், யார் வீட்டுக்குக் கூரைத் தளம் போடுவதானாலும் யாரும் யாரையும் வந்து கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அது கூலி வேலை ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மீன் விற்கிற இசவுராவின் முற்றத்திலிருந்து புகை கிளம்பும். அதைப் பார்த்ததும் ஆண்கள் பழைய பூட்ஸைத் தேடுவார்கள், பெண்கள் சும்மாடு சுற்றிக்கொள்வார்கள். இன்றைக்கு இந்த வீடு, இன்னொரு நாள் அந்த வீடு. கைக்குக் கை. கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி ஏணி வழியாக மேலே போகும். சாயங்காலம் தளம் முடிந்ததும் இசவுராவின் பெரிய பானை இறங்கும். சோளமும் அவரையும் முட்டைக்கோஸும் பன்றிக்கொழுப்பும் அரைநாள் ஒன்றாகக் கிடந்து வெந்த கச்சுப்பா. அதில் ஒரு தட்டு, மேலே ஒரு வாய் கரும்புச் சாராயம். இடுப்புவலி போன இடம் தெரியாது என்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புகை வரவில்லை.

இசவுரா முற்றத்தில்தான் இருந்தாள். வாரம் முழுக்க மீன் சுமக்கிற அலுமினிய அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, வறண்ட ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த மகள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது கேட்டிருந்தால் காற்று வாங்குகிறேன் என்று சொல்லியிருப்பாள். அங்கே பலகை அடித்து, கம்பி கட்டி எல்லாம் தயார். மணலும் ஜல்லியும் வாசலில் குவிந்து கிடந்தன. கலவை இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கிவிட்டது.

மேலே ஏறி நின்றவர்கள் அத்தனை பேரும் அக்கரைக்காரர்கள். கினியிலிருந்தும் செனகலிலிருந்தும் கடல் தாண்டிவந்து, தீவில் கட்டடம் கட்டியும் காவல் காத்தும் பிழைக்கிறவர்கள். அவர்கள் எந்த நாடு, என்ன சனம் என்று தீவுக்காரர்கள் கேட்டுக்கொள்வதில்லை. மொத்தமாக ஒரே பேர்தான்: மஞ்சாக்கு. அக்கரையில் அது ஏதோ ஒரு சனத்தின் பேராம். இங்கே அது, கறுப்பிலும் கறுத்தவன், பேச்சு விளங்காதவன், எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவன் என்று எல்லாம் சேர்ந்த வசவு.

இசவுராவின் மகள் செனைதா குடும்பம் நடத்துவது அப்படி ஒருவனோடுதான். ஆறு வருஷமாகிறது. பேத்தி ஐசத்துவுக்கே நாலு வயது. பேத்தி வருவாள், போவாள், பாட்டி மடியிலேயே தூங்கியும் போவாள். அவளுடைய அப்பனைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் இசவுரா "அந்த மஞ்சாக்கு" என்பாள். குழந்தை பக்கத்தில் இருந்தால் "அந்தாளு". அவன் பேர் அவள் வாயில் ஒருமுறைகூட வந்ததில்லை.

சரி, அவன் கெட்டவனா என்று கேட்டால் அவளால் ஒன்றும் சொல்ல முடியாது. அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். குடிக்காத ஆம்பளையை எப்படி நம்புவது என்று அதையும் ஒரு குறையாகத்தான் சொல்லுவாள். மேட்டில் எந்த வீட்டுத் தளமானாலும் முதல் ஆளாக வந்து நிற்கிறவன் அவன். சாயங்காலம் எல்லாரும் தட்டோடு உட்காரும்போது மட்டும், பன்றி போட்ட பானை என்பதால், கையைக் கழுவிக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விடுவான். "பாத்தியா, நம்ம சோறு அவனுக்கு இளப்பம்" என்பாள் இசவுரா.

வெள்ளிக்கிழமை செனைதா வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை தளம்."

"தெரியும். எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"பானை வைப்பியா?"

"பன்னி போடாம, சாராயம் ஊத்தாம ஒரு தளமா? மொத மழைக்கே ஒழுகும் பாரு."

"ஒழுகுனா நான் சட்டி வச்சுப் பிடிச்சிக்கறேன். வைப்பியா மாட்டியா, அத மட்டும் சொல்லு."

"உங்காளுக்குத்தான் அத்தன சனம் இருக்கே. அவனுகளே வந்து போடட்டும்."

கோபப்பட்டால் கத்துகிற பெண் செனைதா. அன்றைக்குக் கத்தவில்லை.

"அம்மா, கலவை தூக்க அவங்க போதும். ஆனா இந்த மேட்டுக்காரங்க ஒரு கை படாம அந்தத் தளம் எழும்பிச்சுன்னா, அது கடேசி வரைக்கும் மஞ்சாக்கு வீடுதான். ஐசத்து அதுக்குள்ளதான் வளரணும். நீ வந்தா அது உன் பேத்தி வீடு. வரலேன்னா, தளம் இறுகினப்புறம் என் கதவத் தட்டாத."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். "போடி, போ! யாரு வந்து தட்டப் போறா!" என்று இசவுரா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். கத்தி முடித்ததும் உரலை இழுத்துப் போட்டு, ஒரு பெரிய பானை அளவுக்குச் சோளம் குத்தினாள். உலக்கைச் சத்தம் கேட்டுப் பக்கத்துவீட்டு பியா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னக்கா, பானையா?" என்றாள். "கோழிக்கு" என்றாள் இசவுரா. அவளிடம் இருந்தது மூன்று கோழி. அத்தனை சோளத்தைத் தின்ன அவை மாடாகப் பிறந்திருக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி அந்தச் சோளத்தைக் களைந்து பானையில் ஊறவும் போட்டாள். கை பழக்கத்தில் செய்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இப்போது வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மலைப்பக்கம் மேகம் கட்டியிருந்தது. இன்னும் சில நாளில் மழைக்காலம். இன்றைக்கு விட்டால் இந்த வருஷம் தளம் கிடையாது. தெருமுனையில் அர்மிந்துவின் கடைவாசலில் ஆண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சீட்டுக்கட்டு மேஜைமேல் கிடந்தது, ஆனால் யாரும் ஆடவில்லை. அடிக்கடி இவள் வீட்டுப் பக்கம் பார்த்தார்கள். ஓடையைத் தாண்டி ஒருத்தரும் போகவில்லை.

ஊரே என் பக்கம்தான் நிற்கிறது என்று இசவுரா நினைத்தாள். நினைத்தவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பியா சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். தலையில் சும்மாடு சுற்றியிருந்தாள்.

"அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"அடுப்பு புகையலையே."

"பத்த வச்சாத்தான புகையும்?"

"எங்க வீட்டுக்காரரு லெலா விடியறதுக்கு முன்னாடியே பூட்ஸ மாட்டிக்கிட்டாரு. கழட்டவா, வேண்டாமான்னு என் உயிர எடுத்துட்டு, இப்பக் கடைவாசல்ல போய் உக்காந்திருக்காரு."

இசவுரா திரும்பிப் பார்த்தாள். "எதுக்குப் பூட்ஸு?"

"எதுக்கா? தளத்துக்குத்தான். எங்க வீட்டுத் தளத்துக்கு செனைதா புருஷன் பிராய்மா எத்தன சட்டி தூக்குனான்? மொட்ட வெயில்ல கைவெடிப்புல சிமெண்டு ஏறி ரத்தம் வந்துச்சு அவனுக்கு. திருப்பிக் கை குடுக்க வேண்டாமா?"

"அப்பப் போக வேண்டியதுதான? என் வீட்டுப் புகையில என்ன இருக்கு?"

பியா முந்தியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். சொல்லவா வேண்டாமா என்று யோசிக்கிறபோது அவள் அப்படித்தான் செய்வாள்.

"நீதானக்கா சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"தண்ணிக் குழாய்கிட்ட வச்சு. செனைதா அவனோட குடிபோன அன்னிக்கு. 'அந்த மஞ்சாக்கு வாசல மிதிக்கிறவ எவளும் என் வாசல மிதிக்கக் கூடாது'ன்னு. குடத்தப் போட்டு ஒடச்சியே, ஞாபகம் இல்ல?"

குடம் ஞாபகம் இருந்தது. புதுக்குடம். சொன்னது மறந்தே போயிருந்தது.

"அடியே, அது கோவத்துல சொன்னதுடி!"

"சொன்னத நீ திருப்பி எடுக்கலியே. ஐசத்து பொறந்தப்பக்கூட நாங்க யாரும் போய்ப் பாக்கல. செனைதா உன் மக, அது உன் வீட்டு விவகாரம், உன் மனசு நோகக் கூடாதுன்னு இருந்தோம்."

"ஆறு வருஷமாவா?"

"ஆறு வருஷமா."

இத்தனை நாளும் இசவுரா நினைத்திருந்தது வேறு. மகள் மஞ்சாக்குவோடு போனதை ஊரே கேவலமாகப் பார்க்கிறது, அந்த ஊருக்குப் பயந்துதான் தானும் விறைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று இருந்தாள். ஊரோ அவளுக்குப் பயந்து நின்றிருக்கிறது.

"உன் ஒருத்தி தலையில மட்டும் போடலக்கா," என்றாள் பியா, குரலைத் தணித்து. "எங்களுக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. அவன் வந்து தூக்குவான், சாப்பிடாம போயிடுவான், நாமளும் திருப்பிச் செய்ய வேண்டாம். யாருக்குக் கசக்கும்?"

சொல்லிக்கொண்டே மூலையில் இருந்த பானையைத் திறந்து பார்த்தாள். ஊறிப் பருத்த சோளம். பக்கத்தில் நறுக்கிய கோஸ், சர்க்கரைவள்ளி, உப்புப் போட்ட சூரைமீன்.

"பன்னி எங்கக்கா?"

"விலை ஏறிப் போச்சு."

"கோழிக்குச் சூரைமீனெல்லாம் வாங்கிருக்க."

"வாய மூடிட்டு ஒரு பக்கம் பிடிடி," என்றாள் இசவுரா.

பானை இரண்டு பேர் தூக்கினால்தான் நகரும். சும்மாட்டை வைத்து, பியா தூக்கிவிட, இசவுரா அதைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். மீன் சுமந்து பழகிய கழுத்து அது. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். பின்னால் பியா கோஸும் மீனும் கரண்டியுமாக ஓடிவந்தாள்.

அர்மிந்துவின் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அர்மிந்து நல்ல மனுஷன்தான், கடனுக்கு அரிசி தருவான், சாவு வீட்டுக்கு முதலில் வருவான். ஆனால் அக்கரைக்காரன் என்று வந்துவிட்டால் அவன் நாக்கு வேறு நாக்கு.

"என்ன இசவுரா, பானைக்குக் கால் மொளச்சிடுச்சா?" என்றான். "மேல பாத்தியா? காக்கா கூட்டம் மாதிரி ஏறி நிக்கிறானுக. இன்னிக்கு ஒரு தளம். நாளைக்கு இந்த மேடே அவனுகளதுதான். நாமெல்லாம் கடல்ல போய் விழ வேண்டியதுதான்."

இசவுரா நின்றாள். தலையில் பானையோடு நின்றாள்.

"உன் மாடியில தண்ணித் தொட்டி இருக்கே, அத மேல ஏத்துனது யாரு?"

"அது… கூலிக்கு வந்தான்."

"கூலி குடுத்தியா?"

அர்மிந்து சீட்டுக்கட்டைக் கலைத்தான். யாரோ ஒருவன் சிரித்தான்.

"உன் தளத்துல பாதி அவனுக தூக்குன கலவை. பிடிக்கலேன்னா இடிச்சுப் போட்டுட்டு வானத்தப் பாத்துப் படு. உன் மகன் ரோட்டர்டாம்ல இருக்கானே, அங்க எவனோ அவனப் பாத்துக் காக்கான்னு சொன்னதா போன்ல அழுதான்னு நீதான என்கிட்ட வந்து அழுத?"

"நீயே இதச் சொல்றியா? மொத மொதல்ல ஆரம்பிச்சு வச்சதே நீதான!"

"ஆமா, நான்தான். அன்னிக்கும் சத்தமாத்தான் சொன்னேன், இன்னிக்கும் சத்தமாத்தான் சொல்றேன். அந்த வாசல மிதிக்காதவ எவளும், எவனும், என் பானையில கைய விடக் கூடாது. போதுமா? தல வலிக்குது, வழி விடுங்க."

லெலாதான் முதலில் எழுந்தான். பூட்ஸ் ஏற்கெனவே காலில் இருந்தது. அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து, கையைப் பின்னால் துடைத்துக்கொண்டு, ஓடையில் இறங்கினார்கள். அர்மிந்து மட்டும் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

செனைதா இயந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா ஓடையேறி வருவதைப் பார்த்தும் அவள் குடத்தைக் கீழே வைக்கவில்லை.

"வழி தெரிஞ்சுச்சா?" என்றாள்.

"நக்கலுக்குக் குறைச்சலில்ல. மூணு கல்லு எடுத்துப் போடு. வெறகு இருக்கா?"

"இருக்கு."

"கழுத்து உடையறதுக்குள்ள பிடிச்சு இறக்குடி, எரும."

செனைதா குடத்தை வைத்துவிட்டு வந்து பானையைப் பிடித்தாள். இறக்கும்போது இருவர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. மகளுடைய கண்ணில் தண்ணீர் நின்றது. இசவுரா பார்க்காத மாதிரி அடுப்புக்கல்லை நகர்த்தினாள். அவளுக்கும் மூக்கு எரிந்தது. விறகுப் புகை என்று சொல்லவும் முடியாது, அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை.

அங்கே ஏற்கெனவே ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஃபாத்துமாத்தா என்ற கினிக்காரி, நல்ல பருமனான பெண்பிள்ளை, பெரிய சட்டியில் சோறும் இன்னொன்றில் கடலைக்குழம்பும் வைத்திருந்தாள். இசவுராவின் பானையை ஒரு பார்வை பார்த்தாள். இசவுரா அவள் சட்டியை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு பேரும் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டார்கள்.

மேலே வேலை சூடுபிடித்தது. முதலில் தீவுக்காரர்கள் ஏணியின் ஒரு பக்கமும் அக்கரைக்காரர்கள் இன்னொரு பக்கமுமாகத்தான் நின்றார்கள். ஆனால் கலவைச் சட்டி அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்காது. கை நீண்ட இடத்துக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் வரிசை கலந்துபோனது. "பிடி! விடு! ஏய், என் கால்ல போடாத!" என்ற சத்தம்தான். சிமெண்டுத்தூள் ஏறி எல்லார் முகமும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது. அவன் இவன் என்று அடையாளம் சொல்ல முடியவில்லை.

இசவுராவுக்கு ஒரு மானக்கேடு காத்திருந்தது. விடியற்காலையில் ஏற்ற வேண்டிய பானையை வெயில் ஏறினபிறகு ஏற்றினால் சோளம் எப்படி மத்தியானத்துக்குள் வேகும்? மத்தியானம் பசித்து இறங்கினவர்கள் எல்லாரும், லெலா உட்பட, ஃபாத்துமாத்தாவின் சோற்றைத்தான் அள்ளிச் சாப்பிட்டார்கள். கடலைக்குழம்பைச் சப்புக்கொட்டி நக்கினார்கள். அவளுடைய வாழ்நாளில் ஒரு தளத்தன்று இன்னொருத்தி சோறு போட்டு அவள் பார்த்ததில்லை.

ஃபாத்துமாத்தா ஒரு தட்டில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். "சாப்பிடுக்கா. உன் சோளம் இன்னும் கல்லாத்தான் கிடக்கு."

இசவுரா ஒரு வாய் வைத்தாள். "உப்பு கம்மி," என்றாள்.

"அப்படியா? கொண்டா, எடுத்துட்டுப் போறேன்."

"இருடி, சாப்பிடறேன்ல."

தட்டு காலியானதும் இன்னும் கொஞ்சம் என்று கேட்காமல் கேட்டாள். ஃபாத்துமாத்தா சிரிக்காமல் போட்டாள்.

மத்தியானத்துக்குப் பிறகு பெண்கள் பானையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "அக்கா, மரியா கதை சொல்லு. இவங்க கேட்டதில்ல," என்றாள் பியா. ஒவ்வொரு தளத்தன்றும் அந்தக் கதை உண்டு. இசவுரா கரண்டியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"சின்ன வயசுல கொஞ்ச நாள் லிஸ்பன்ல ஆபீஸ் கூட்டிப் பெருக்குற வேலை எனக்கு. எங்க மேஸ்திரியம்மா ஒருத்தி, வெள்ளக்காரி, மூக்கு இப்படி இருக்கும். நடையில நின்னுக்கிட்டு 'மரியா!'ன்னு ஒரு சத்தம் போடுவா. நாங்க நாலு பேர் திரும்பிப் பாப்போம். நாலு பேர்ல ஒருத்திக்காவது மரியான்னு பேரு இருக்கணுமே? கெடையாது! ஒரு நாளு நான் கேட்டுட்டேன், அம்மா, என் பேரு இசவுரான்னு. அதுக்கு அவ சொல்றா, 'உங்க எல்லார் பேரையும் நான் எங்க போய் ஞாபகம் வச்சுக்கறது?' அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. பசிக்குது, ஆனா எறங்கல."

"நாலு பேரு சொன்னா அவ நாக்கு தேஞ்சிடுமோ?" என்றாள் ஃபாத்துமாத்தா. எல்லாரும் சிரித்தார்கள். இசவுராதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

வெயில் சாய்ந்தபோது கச்சுப்பா வெந்து, குழைந்து, மணத்துக்கொண்டு நின்றது. மேலே மூலையில் கடைசிச் சட்டி கொட்டிக்கொண்டிருந்தார்கள். லெலா மட்டப்பலகையை இழுத்து மெழுகினான். மேகம் மலையைவிட்டு இறங்காமல் மரியாதையாக அங்கேயே நின்றது.

பானையைத் திறந்தவள் முதல் தட்டை வீட்டுக்காரனுக்குத்தான் போட வேண்டும். அதுதான் முறை. இசவுரா தட்டை நிரப்பி, கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மீன் விற்கிற குரலில் மேலே பார்த்துக் கத்தினாள்.

"ஏய் மஞ்சாக்கு! இறங்கி வா! சாப்பாடு ஆறுது!"

மேலே நின்ற அக்கரைக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சட்டியோடு ஒருவன், மண்வெட்டியோடு ஒருவன், ஏணியில் பாதியில் ஒருவன். சாம்பல் பூசின முகங்களில் கண் மட்டும் தெரிந்தது. ஒருவன் மார்பில் கை வைத்து, நானா என்று கேட்டான். இன்னொருவன் பக்கத்தில் இருந்தவனைக் காட்டினான். விளிம்பில் நின்ற தொமிங்குஸ் என்ற நெட்டையன் தொண்டையைச் செருமினான்.

"அம்மா, இவங்க எல்லாம் வேற வேற சனம். இங்க நெஜமான மஞ்சாக்கு நான் ஒருத்தன்தான். என்னையா கூப்பிட்டீங்க?"

ஏணியெங்கும் சிரிப்பு வெடித்தது. தீவுக்காரர்களும் சிரித்தார்கள். ஃபாத்துமாத்தா சிரிக்காமல் இசவுராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசவுராவும் சிரிக்கவில்லை. அந்த நீளமான ஆபீஸ் நடையும், கையில் பிடித்த ஈரத்துடைப்பமும், திரும்பிப் பார்த்த நாலு பேருடைய முகமும் அவள் முன்னால் வந்து நின்றன. இத்தனை தளத்தில் இத்தனை தடவை அந்தக் கதையைச் சொன்ன வாயா இது என்று இருந்தது. வெட்கமாக இருந்தது. காது சுட்டது.

தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பிராய்மா," என்றாள். சத்தம் எழும்பவில்லை. எச்சில் விழுங்கிவிட்டு மறுபடி, இந்தமுறை மேடே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். "பிராய்மா! உன்னத்தான். இறங்கி வாப்பா."

செனைதா அப்படியே நின்றாள். பிராய்மா ஏணியில் மெதுவாக இறங்கி வந்தான். கையைக் கழுவினான். வழக்கமாக அதற்குமேல் அவன் நிற்பதில்லை. இன்றைக்கு வந்து நின்று தட்டை இரண்டு கையாலும் வாங்கி, அதைப் பார்த்தான்.

"பன்னி இல்ல," என்றாள் இசவுரா. "சூரைதான். முள்ளு இருக்கும், பாத்துச் சாப்பிடு."

"சரிங்க அத்தை," என்றான் அவன். அவ்வளவுதான். ஐசத்து ஓடிவந்து அப்பன் தட்டிலிருந்து ஒரு சர்க்கரைவள்ளித் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மற்றவர்கள் தட்டோடு முண்டியடித்தார்கள். இசவுரா கரண்டியைக் குறுக்கே நீட்டினாள்.

"நில்லு, நில்லு. ஒவ்வொருத்தனா வா. பேரச் சொல்லு, சோறு போடறேன். பேரு சொல்லாதவனுக்குக் கெடையாது."

"ஃபோடே."

"எங்க, இன்னொரு தரம் சொல்லு. ஃபோடே. சரி, பிடி. நீ?"

"சாலியு."

"சாலியு. ஒல்லியா இருக்க, இந்தா, ரெண்டு கரண்டி. நீ நெட்ட, உன் பேரு?"

"தொமிங்குஸ். நெஜமான மஞ்சாக்கு."

"போடா, வாயாடி. தொமிங்குஸ்."

வரிசை நகர்ந்தது. பேர்கள் அவள் வாயில் புரண்டு, சில உடைந்து, திருத்தப்பட்டு, மறுபடி வந்தன. வரிசையின் கடைசியில், கடையைச் சாத்திவிட்டு எப்போது வந்தான் என்று தெரியவில்லை, அர்மிந்து நின்றான். ஒரேயொரு சட்டி தூக்கியிருப்பான். அதற்குச் சாட்சியாக முட்டியில் கொஞ்சம் சிமெண்டு ஒட்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு தட்டை நீட்டினான்.

சின்ன வயதிலிருந்தே அவனைத் தெரிந்த இசவுரா, கரண்டியைப் பானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் பேரென்னப்பா?"